மேலே கட்டிய போத்தல்

இப்போது பித்தப்பையை எடுப்பது பெரிய காரியம் இல்லை என்கிறார்கள். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, உள்ளே கமரா விட்டு, டெலிவிஷன் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுகிறார்களாம். நோயாளி இரண்டொரு நாளில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆஸ்பத்திரித் தியேட்டரில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல என்ன பாடு பட்டிருப்பீங்க! வெட்டக் கூடாதத வெட்டிட்டா என்னா செய்வீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டார். கமரா வந்த பிறகும் அந்தப் பிழை எப்போதாவது நடக்கத்தான் செய்கிறது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தை முடித்து, டவுன் பள்ளிக்கூடத்துக்கு மழையில் நடந்து போய், ஒரு வழியாகச் சான்றிதழோடு வெளியே வந்தபோது, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்கள் சில சேர்ந்து நடத்திய குரூப் ஆஸ்பத்திரியில் தியேட்டர் டிரஸராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதங்களை அவித்து எடுப்பது, துணிகளை எண்ணிக் கொடுப்பது, வயிற்றைத் திறந்த பிறகு ஈரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது, இவைதான் வேலை. பழகுவதற்கு ஒரு வருடம் ஆனது. அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு முறை மயங்கி விழுந்தேன், பிறகு விழவில்லை.

எங்கள் சர்ஜன் டொக்டர் தம்பிராசா. யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனிதர், சத்தம் போடாதவர். மற்ற டொக்டர்மார் கோபம் வந்தால் கத்தியை எறிவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் கோபம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் துணிமேல் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அப்படி அவர் நின்றால் எங்களுக்குக் கை கால் ஓடாது.

பித்தப்பை வீங்கிச் சீழ் கட்டி வரும் ஆட்களை அவர் அறுக்கிற முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஈரலுக்கு அடியில் பை தொங்குகிறது. அந்தப் பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்து, ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பெருங்குழாயில் சேருகிறது. சின்னக் குழாயைக் கட்டி வெட்ட வேண்டும். பெருங்குழாயைத் தொட்டுவிடக் கூடாது. படத்தில் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். அழற்சி வந்த வயிற்றிலோ எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வீங்கி, ஒரே சிவப்பாக இருக்கும். எது சின்னது, எது பெரியது என்றே தெரியாது. டொக்டர் பொறுமையாகப் பிரித்துக்கொண்டே போவார். கட்டுவதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் கூப்பிடுவார்.

"மூண்டு குழாயும் சேருற இடத்தைக் காட்டுறன். பாத்திட்டுச் சொல்லுங்கோ. தெரியாட்டித் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ."

மயக்கத்துக்கு ஈதர் கொடுக்கும் உதவி டொக்டர் எட்டிப் பார்ப்பார். தலைமைத் தாதி குசுமா மிஸ்ஸி பார்ப்பார். நானும் பார்ப்பேன். யாராவது ஒருவர் தயங்கினாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் பிரிக்கத் தொடங்குவார். இரத்தம் பீறிட்டால் கிடுக்கியைத் தேட மாட்டார். அந்த இடம் முழுவதையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்.

"பிடிச்சா ரெத்தம் நிக்கும். நிண்டாப் பிறகு பாக்கலாம். அவசரமில்லை, ஒருத்தரும் ஓடேல்லை."

இந்த முறை அவருக்குச் சும்மா வந்ததல்ல. நான் சேர்ந்த புதிதில், பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவருக்குப் பித்தப்பை எடுத்தார். பை முழுக்க ஒட்டிக் கிடந்தது. திடீரென்று இரத்தம் குளம்போல் நிறைந்தது. டொக்டர் அந்தக் குளத்துக்குள் கிடுக்கியை விட்டுக் கவ்வி, அந்த இடத்தைக் கட்டினார். இரத்தம் நின்றது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம். சில நாள் கழித்து அந்த மனிதருக்குக் கண் மஞ்சளாகியது, சிறுநீர் பால் ஊற்றாத சாயத்தண்ணிபோலக் கறுத்தது, மலம் சுண்ணாம்புபோல வெளுத்தது. கொழும்புக்கு அனுப்பினோம். அங்கே திறந்து பார்த்தபோது, எங்கள் கட்டு பெருங்குழாயில் இருந்தது. சரிப்படுத்தப் பார்த்தார்கள். ஆள் தப்பவில்லை.

கடையோடு சேர்ந்திருந்த அந்த வீட்டுக்கு டொக்டர் போனார். அவருடைய மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். செத்தவருடைய தம்பி எங்களைக் கடைக்குள் உட்கார வைத்தார். டொக்டர் உட்காரவில்லை.

"உங்கடை அண்ணர் பித்தப்பை வருத்தத்தாலை மட்டும் சாகேல்லை. நான் கட்டக் கூடாத இடத்திலை கட்டிப்போட்டன். அது என்ரை பிழை."

அந்தத் தம்பி மேசைமேல் கிடந்த துணியை மடித்து ஒதுக்கி வைத்தார். பிறகு, "இத ஏங்க எங்ககிட்ட வந்து சொல்றீங்க? சொல்லாம இருந்திருந்தா நாங்க விதின்னு இருந்திருப்போமே" என்றார். குரலில் கோபத்தைவிட அழுகைதான் இருந்தது.

"சொல்லாட்டி அடுத்த ஆளுக்கும் செய்வன்" என்றார் டொக்டர்.

வெளியே வந்து காரில் ஏறினோம். படித்தவர்கள் பிழை விட்டால் அதை ஒத்துக்கொள்வார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோட்டத்தில் தொரை பிழை விட்டால் கங்காணி திட்டு வாங்குவார், கங்காணி பிழை விட்டால் எங்கள் அம்மா திட்டு வாங்குவார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிருக்கும். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பேச்சியம்மா என்ற பெண்ணை லொறியில் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கும். வலது விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை. காய்ச்சல், வாந்தி, கண்ணில் இலேசான மஞ்சள். கூட வந்தவள் அவள் புருஷனின் தங்கை இருளாயி. புருஷன் கணபதி வேலையை விட்டு நிற்க முடியாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தார். இருளாயி வார்டிலேயே தங்கிவிட்டாள். மதினியும் நாத்தனாரும் வாயைத் திறந்தால் சண்டைதான்.

"சாவப் போறவளுக்குச் சீப்பு எதுக்குடி?"

"நீ செத்தா எங்கண்ணனுக்குச் சோறு யாரு ஆக்குறது? நானா? எந்திரிச்சு ஒக்காரு மதினி, தலைய வாரிவிடுறேன்."

காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் டொக்டர் அறுத்தார். அழுகும் நிலையில் இருந்த பையை எடுத்தார். மூன்று குழாய்களையும் எங்களுக்குக் காட்டினார். எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணில் மஞ்சள் இருந்ததால் பெருங்குழாயிலும் கல் இருக்கும் என்று அதையும் கொஞ்சம் திறந்தார். சேறுபோன்ற கற்கள் வந்தன. கழுவினார். மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்து, "குடலுக்குள்ளை போயிட்டுது" என்றார். பிறகு அந்தப் பெருங்குழாய்க்குள் ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைத்தார். அதன் மறுநுனி வயிற்றுக்கு வெளியே வந்து, கட்டிலுக்கு அடியில் தரையில் இருந்த ஒரு போத்தலில் விழும். உள்ளே புண் ஆறும் வரைக்கும் பித்தநீர் அந்த வழியாக வெளியே போகும். அதுதான் அந்தக் குழாயின் வேலை.

முதல் நாட்களில் போத்தலில் பச்சையும் மஞ்சளுமாகப் பித்தநீர் நன்றாக விழுந்தது. காலையில் டொக்டர் வந்து குனிந்து பார்ப்பார். "நல்லா ஓடுது" என்பார். குசுமா மிஸ்ஸியும் இருளாயியைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிப்பார். காய்ச்சல் போனது, மஞ்சள் போனது. பேச்சியம்மா கஞ்சி குடித்தாள்.

ஒரு வாரத்துக்கு மேல் கழிந்ததும், டொக்டர் போத்தலை மேலே கட்டச் சொன்னார். கட்டில் பக்கத்தில் இருந்த கம்பத்தில், நோயாளியின் உடம்பை விட உயரமாக. காரணம் எளிது. போத்தல் உயரத்தில் இருந்தால் பித்தநீர் அதற்குள் ஏறாது. பெருங்குழாய் திறந்திருந்தால் தன் வழியே குடலுக்குப் போகும். போத்தல் காய்ந்துவிடும், மலம் பழைய நிறத்துக்கு வரும். பிறகு ரப்பர் குழாயை இழுத்துவிடலாம். போத்தல் மேலே இருந்தும் நிறைந்தால், கீழே அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

போத்தல் நிறைந்தது.

அடுத்த நாளும் நிறைந்தது. அதற்கடுத்த நாளும். மலம் வெள்ளையாகவே போனது. அவ்வளவு நீரும் உப்பும் வெளியே போனால் ஆள் எப்படித் தாங்கும்? பேச்சியம்மாவின் நாக்கு காய்ந்தது, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது. சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். இருளாயி மட்டும் அவள் பங்குக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

டொக்டர் தியேட்டர் வாசலில் வந்து நின்றார். "ஒரு கல்லை விட்டிட்டன் போலை. இல்லாட்டித் தைக்கேக்கை குழாயைச் சுருக்கிப்போட்டன்." எங்களிடம் சொல்வதுபோல் இல்லை. குழாய்க்குள் மருந்து விட்டுப் படம் எடுத்துப் பார்க்கும் வசதி எங்களிடம் கிடையாது. கண்டிக்கு அனுப்பலாம் என்றால் அவள் இருந்த இருப்பில் அந்த வளைவு ரோட்டில் தாங்க மாட்டாள். ரப்பர் குழாயை அடைத்துப் பார்க்கலாமா என்று குசுமா மிஸ்ஸி கேட்டார். "உள்ளுக்கு அடைப்பு இருந்தா தையல் பிரிஞ்சு வயித்துக்குள்ளை பித்தம் ஊத்துப்பட்டுப்போகும். பயமாயிருக்கு" என்றார் டொக்டர். மிச்சம் இருந்தது ஒரே வழி, மறுபடியும் திறப்பது. அந்த உடம்பில் இன்னொரு முறை ஈதர் ஏற்றித் திறந்தால் மேசையிலேயே உயிர் போய்விடலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்குக் காலமை செய்வம். சாமானெல்லாம் அவியும்" என்றார் என்னிடம்.

நான் அவித்தேன். கிடுக்கிகளைத் துடைக்கும்போது துணிக்கடைத் தம்பியின் முகம் வந்து வந்து போனது. பேச்சியம்மாவின் பேச்சு எங்கள் அம்மாவின் பேச்சு. அவள் பிள்ளைகள் எந்த லயத்து வரிசை வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எப்படிக் காத்திருப்பார்கள் என்று தெரியும்.

அன்று பின்னேரம் டொக்டர் வார்டுக்கு வந்தார். சம்மதம் வாங்கும் வேலையை வழக்கமாக மிஸ்ஸிதான் செய்வார். இம்முறை டொக்டர் தானே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். டொக்டர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் இருளாயி பதறி எழுந்து நின்றாள். நான் அவர் பின்னால் நின்றேன்.

"இரம்மா, இரு. நான் ஒண்டு சொல்லோணும். உங்கடை மதினிக்கு நான் செய்த வேலையிலை பிழை இருக்குப் போலை. நாளைக்குத் திருப்பி வெட்டிப் பாக்கோணும். ஆபத்துத்தான். பிழை அவவிலை இல்லை, உன்னிலையும் இல்லை. என்னிலை."

இருளாயி என்னைப் பார்த்தாள். "டிரஸர் தம்பி, அய்யா என்னா சொல்றாரு? அவுரு தப்புன்னா சொல்றாரு?"

"ஆமாக்கா. உள்ளுக்குள்ள வழி அடைச்சிருக்கு, அது தன் தப்புதான்னு சொல்றாரு."

"அடைச்சிருக்குன்னு எப்படீங்கய்யா தெரியும்? மதினிக்கு வலி ஒண்ணும் இல்லீங்களே."

டொக்டர் கம்பத்தைக் காட்டினார். "போத்தலைப் பார். அவ்வளவு உயரத்திலை கட்டியிருக்கு. உள்வழி திறந்திருந்தா அதுக்குள்ளை ஒரு சொட்டும் ஏறாது. ஆனா நிறைஞ்சு போய்க் கிடக்கு."

இருளாயியின் வாய் திறந்தபடி நின்றது. போத்தலைப் பார்த்தாள். டொக்டரைப் பார்த்தாள். பேச்சியம்மா தலையணையில் முகத்தைத் திருப்பி, சுரத்தில்லாத குரலில், "சொல்லித் தொலையேன்டி" என்றாள்.

"அய்யா... மேல இருக்கயில அது ஏறலீங்க. நாந்தான் கீழ எறக்கி வச்சேன்."

டொக்டரின் இரண்டு கையும் அவர் முழங்கால்மேல் அசையாமல் இருந்தன. அந்த இருப்பைக் கண்டு பழகிய எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருளாயிக்கு அது தெரியாது. அவள் பாட்டுக்குப் பேசினாள்.

"கெட்ட தண்ணி வெளிய ஓடுனாத்தானேங்க ஒடம்பு தேறும்? கீழ இருந்தப்ப நல்லா ஓடுதுன்னு நீங்களும் சொன்னீங்க, மிஸ்ஸியும் சிரிச்சாங்க. அப்பறம் மேல தூக்கிக் கட்டிட்டாங்க. தரையக் கூட்டுறதுக்கு எடஞ்சல்னு கட்டுனாங்களாக்கும்னு நெனச்சேன். பீலியில வழியிற தண்ணி எங்கயாச்சும் மேட்டுல ஏறுமாங்க? ஓட்டம் நின்னுபோச்சு. அதான் மிஸ்ஸி அந்தப் பக்கம் போனதும் எறக்கித் தரையில வப்பேன். சரசரன்னு ஓடும். செருப்புச் சத்தம் கேட்டா மேல மாட்டிடுவேன்."

"அடிப் பாவி" என்றேன் நான். வாய் தவறி வந்துவிட்டது.

குசுமா மிஸ்ஸி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "ஐயோ, நான் ஏசினது தானே! பக்கத்துக் கட்டில் ஆளுங்களுக்குச் சொன்னது, போத்தல் தொட வேணாம் எண்டு!" என்று தன் சிங்களம் கலந்த தமிழில் கொதித்தார்.

"அது அவங்க போத்தலுக்குங்க மிஸ்ஸி" என்றாள் இருளாயி, மெய்யாகவே புரியாமல்.

பித்தம் என்றால் உடம்பில் இருக்கக் கூடாத சாமான் என்றுதான் எங்கள் லயங்களில் நினைப்பு. தலை சுற்றினால் பித்தம், வாந்தி வந்தால் பித்தம். கட்டி பழுத்தால் பிதுக்கி எடுப்பதுபோல் அதையும் எடுத்துவிட்டால் நல்லது என்று அவள் நினைத்ததில் என்ன அதிசயம்? மதினியின் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கண் விழித்துக் காத்திருந்து, அந்த உயிரைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் இறக்கியிருக்கிறாள்.

டொக்டர் கடைசியில் அசைந்தார். "போத்தலை ஏன் மேலை கட்டுறது எண்டு இவவுக்கு ஆர் சொன்னது?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார், நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை" என்று டொக்டரே பதில் சொன்னார். பிறகு இருளாயியிடம் எல்லாவற்றையும் விளக்கினார். பித்தநீர் கெட்டது இல்லை, சோறு செரிக்க வேண்டியது, அது உள்ளே போக வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எங்கள் பேச்சில் சொன்னேன். இருளாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னைய அடிங்கய்யா."

"உனக்கு அடிச்சா எனக்கும் அடிக்கோணும். நீ சொன்னதாலைதான் நாளைக்குக் கத்தி வைக்கேல்லை. ஆனா இன்னும் தெரியாது. போத்தல் மேலையே இருக்கட்டும். பாப்பம்."

உண்மையாகவே தெரியாது. அவள் இறக்கி வைத்ததால் நிறைந்ததா, அல்லது உள்ளே அடைப்பும் இருக்கிறதா? இரண்டும் இருக்கலாம். அடைப்பு இருந்தால் இப்போது வலி வரும், காய்ச்சல் வரும். அவித்த ஆயுதங்களை மூடி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். உப்பு நீர் ஏற்றினோம். டொக்டர் வீட்டுக்குப் போகாமல் அலுவலக அறையிலேயே இருந்தார். மணிக்கொருதரம் வந்து பேச்சியம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்.

"நோகுதோ?"

"இல்லீங்கய்யா."

இருளாயி கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போத்தலைத் துடைக்கப் போன என்னையே, "தொடாதீங்க தம்பி, அய்யா சொல்லியிருக்காரு" என்று விரட்டினாள். மிஸ்ஸிக்கும் அதே விரட்டுத்தான். அவள் பிடியில் இருந்த அந்தப் போத்தலில் மறுநாள் அடியில் ஒரு கறை அளவுக்குத்தான் நீர் இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பேச்சியம்மா கஞ்சியில் உப்பு இல்லை என்று நாத்தனாரைத் திட்டினாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்லித் தெரியாது. ஆனாலும் டொக்டரின் முகம் தெளியவில்லை. "வெளிக்குப் போகேக்கை பாக்கோணும். நிறம் வந்தாத்தான்" என்றார்.

அதற்கடுத்த நாள் காலை நானும் டொக்டரும் வார்டு வாசலில் நின்றோம். உள்ளேயிருந்து ஒரு கூச்சல். பெண்கள் சிரிக்கும் சத்தம், மிஸ்ஸி "ஏ! ஏ! மூடி! மூடி!" என்று கத்தும் சத்தம். பார்த்தால், இருளாயி கழிவுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூசைத் தட்டைக் கொண்டுவருகிற மாதிரி வார்டின் நடுவால் வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கக் கட்டிலில் இருந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"அய்யா! பாருங்கய்யா! மஞ்சளு! நல்லா மஞ்சளா போயிருக்குங்க!"

"ஊருக்கே காட்டுறாளே, மானம் போச்சே!" என்று பின்னால் பேச்சியம்மா கத்தினாள். நல்ல பலமாகக் கத்தினாள்.

டொக்டர் ஒரு படத்தைப் பார்ப்பதுபோலத் தட்டைக் குனிந்து பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பச் சொல்லி மறுபடியும் பார்த்தார். தன் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அதை மூடினார். நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். இரண்டு நாளாக அவர் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"பசிக்குது காணும்" என்றார்.